தட்டில் கண்ட தற்பவம்: ஜொகூர் லக்சாவை முன்னிறுத்தி ஒரு திறனாய்வு

இலக்கியத்தைத் திறனாய்வதற்கு நம்மிடம் கருவிகள் பல உள. யாப்பு, அணி, மெய்ப்பாடு என்று தொடங்கி மேலைநாட்டார் வகுத்த புதுமுறைகள் வரை நம் ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துரைக்கின்றனர். ஆயின், நாள்தோறும் மும்முறை நம் முன் வைக்கப்படும் உணவைப் பற்றிக் கருத்துரைக்க நேரும்போது, 'நன்றாக இருக்கிறது', 'நன்றாக இல்லை' என்னும் இரண்டு தொடர்களோடு நம் திறனாய்வு முடிந்துவிடுகிறது. பண்டைத் தமிழர் அவ்வாறு இருந்திலர். பெரும்பாணாற்றுப்படையைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், பரிசில் நாடிச் செல்லும் பாணன் எயினரிடத்தும் இடையரிடத்தும் உழவரிடத்தும் வலையரிடத்தும் அந்தணரிடத்தும் என்னென்ன உணவு பெறுவான் என்பதை ஒன்றோடொன்று குழப்பாமல் வகைப்படுத்திக் காட்டுகிறார். நிலமும் தொழிலும் உணவும் ஒன்றையொன்று விளக்கி நிற்கின்றன. உணவை அறிவால் நோக்கும் பழக்கம் நமக்குப் புதிதன்று என்பதற்கு அது போதிய சான்று.

அப்பழக்கத்தை மீண்டும் கைக்கொள்ள வேண்டிய தேவை இன்று எழுந்துள்ளது. பெருநகரங்களில் இருநாட்டுச் சமையலை இணைத்துப் பரிமாறும் கலப்புணவகங்கள் பெருகிவிட்டன. சப்பானும் பெருவும் ஒரு தட்டில் சேர்கின்றன. இந்தோனேசியாவும் பிரான்சும் ஒரு தட்டில் சேர்கின்றன. இவற்றைப் 'புதுமை' என்று போற்றுவோர் ஒரு சாரார். 'இரண்டுங்கெட்டான்' என்று எள்ளுவோர் மற்றொரு சாரார். இரு சாராரும் அளவுகோல் எதையும் கையில் எடுக்கவில்லை. ஆனால் அளவுகோல் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது.

பிறமொழிச் சொல் தமிழுக்குள் வருங்கால் நேர்வதைத் தொல்காப்பியர் எச்சவியலில் ஆராய்ந்துள்ளார். வடமொழிக்கே உரிய எழுத்தை நீக்கி, தமிழெழுத்தோடு பொருந்தி வரும் சொல்லே ஏற்புடைத்து என்பது அவர் கொள்கை. வடிவம் சிதைந்து வந்தாலும், தமிழோசைக்கு இயையுமாயின் அதனைத் தள்ள வேண்டுவதில்லை என்றும் இசைவு தருகிறார். பிற்காலத்தார் இதனைத் தற்சமம், தற்பவம் எனப் பிரித்தனர். இருமொழிக்கும் பொதுவான எழுத்துகளால் அமைந்தமையின் மாற்றமின்றி வரும் 'கமலம்', 'காரணம்' போல்வன தற்சமம். சிறப்பெழுத்தைக் களைந்து உருமாறி வரும் 'பங்கயம்', 'இடபம்' போல்வன தற்பவம். இவை நம் மாணவர் மனப்பாடம் செய்து தேர்வெழுதி மறந்துவிடும் பாடங்கள். இப்பாடத்தை உணவுத் தட்டின்மேல் வைத்துப் பார்த்தால் என்ன விளங்கும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எடுத்துக்காட்டைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டா. நம் மாநிலத்தின் பெயரையே தாங்கி நிற்கும் ஜொகூர் லக்சா ஒன்று போதும். பினாங்கு லக்சாவும் சரவாக் லக்சாவும் அரிசி நூலில் அமைந்தவை. ஜொகூர் லக்சாவிலோ இத்தாலியரின் கோதுமை நூலாகிய இசுபகெட்டி இடம்பெறுகிறது. ஈதென்ன விந்தை என்று வெளியூரார் வியப்பர். ஜொகூர் சுல்தான் அபு பக்கார் ஐரோப்பாவில் பயணம் செய்தபோது இத்தாலிய உணவைச் சுவைத்து விரும்பினார். நாடு திரும்பியதும் அரண்மனைச் சமையலார் அந்நூலைக் கொண்டு லக்சா ஆக்கினர் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. அச்செய்தி கதையாகவே இருப்பினும், கதை வேர்விட்ட மண் உண்மையானது. 1862-இல் தெமெங்கோங்காகப் பொறுப்பேற்று, 1868-இல் மகாராஜா எனவும், 1885-இல் சுல்தான் எனவும் பட்டம் பெற்ற அவர், 1866-இல் முதன்முறையாக இங்கிலாந்து சென்றார். பின்னரும் பன்முறை ஐரோப்பா சென்று, 1895-இல் இலண்டன் மாநகரிலேயே உயிர்நீத்தார். ஐரோப்பாவை இவ்வளவு நெருங்கி அறிந்த மன்னர் ஒருவர் வாழ்ந்த ஊரில் இவ்வகைக் கதை பிறப்பது இயல்பே.

கதையை விடுத்துத் தட்டை நோக்குவோம். பாராங் எனப்படும் முள்ளுவாளை மீனை வேகவைத்து, முள் நீக்கி, தசையை அரைத்துக் குழம்பாக்குகின்றனர். அதனோடு உலர்ந்த இறால், தேங்காய்ப்பால், வறுத்து எண்ணெய் கக்க இடித்த தேங்காயாகிய கெரிசிக், லெங்குவாஸ் கிழங்கு, செராய்த் தண்டு, புளிப்புக்கு அசாம் கெலுகோர்த் துண்டு, இவற்றோடு மீன் கறித்தூள் சேர்கிறது. 'கறி' என்னும் நம் சொல் மலாயில் புகுந்து 'காரி' ஆனது. அதே தூள் இங்குக் குழம்புக்கு நிறமும் மணமும் ஆகிறது. வேகவைத்து ஆறவைத்த இசுபகெட்டியைச் சிறு சிறு சுருள்களாகச் சுற்றித் தட்டில் அடுக்குவர். அதன்மேல் கெட்டியான குழம்பு. குழம்பின்மேல் பச்சையாக நறுக்கிய வெள்ளரி, வெங்காயம், முளைவிட்ட பயறு, கெசும் இலை, புதினா, சீனர் கடையில் வாங்கிய உப்பிட்ட முள்ளங்கி. ஒருபுறம் சம்பால் பெலாச்சான். மறுபுறம் கஸ்தூரி எலுமிச்சை. பழைய முறைப்படி இதனைக் கையால் பிசைந்து உண்பர். முள்கரண்டிக்கு அங்கு வேலையில்லை.

இத்தாலியரின் போலோனீசு முறையில், அரைத்த இறைச்சி குழம்பாகி நூலைப் பற்றிக்கொள்கிறது. ஜொகூர் லக்சாவில் அரைத்த மீன் அவ்வேலையைச் செய்கிறது. ஆக, சமையலார் அயல்நாட்டு உணவின் பொருளை எடுத்துக்கொண்டது மட்டுமன்று. அதன் தொடரமைப்பையும் உணர்ந்திருக்கின்றனர். 'நூல் எழுவாய், அரைத்த தசை பயனிலை' என்னும் அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு, சொற்கள் அனைத்தையும் தம் மொழியிலிருந்து பெய்தனர். மற்றொன்றும் நோக்கத்தக்கது. அரிசி நூல் கெட்டிக் குழம்பில் பிசையுங்கால் துண்டு துண்டாக உடைந்து கூழாகும். கடின கோதுமையில் செய்த நூலோ விரலுக்கு ஈடுகொடுத்து நிற்கும். ஆகவே அந்த அயல்நூல் அலங்காரத்துக்காக வந்தது அன்று. இருந்த இடத்தில் ஒரு வேலையைச் செய்வதற்கு வந்தது. இலக்கணத்தார் மொழியில் கூறின், இது முழுமையான தற்பவம். சிறப்பெழுத்தாகிய பாலாடைக்கட்டி களையப்பட்டது, முள்கரண்டி களையப்பட்டது, சொல் மட்டும் நம் வாய்க்கேற்ப உருமாறி நின்றது.

'லக்சா' என்னும் சொல்லுக்குப் பாரசீக மூலம் கூறுவாரும், இலட்சம் எனப் பொருள்படும் வடசொல்லை மூலமாகக் காட்டுவாரும் உளர். எண்ணற்ற நூலிழைகளைக் கண்டு இலட்சம் என்றனர் போலும்! எவ்வாறாயினும் பெயர் ஒரு நாட்டது, நூல் ஒரு நாட்டது, தூள் ஒரு நாட்டது, முள்ளங்கி ஒரு நாட்டது. எனினும் இராயா நாளன்று ஒரு மலாய் வீட்டில் அமர்ந்து உண்பவர் எவரும் இது யாருடைய உணவு என்று கேட்பதில்லை.

ஐரோப்பாவும் நுசாந்தாராவும் கலந்த உணவு இஃது ஒன்றுதானா எனின், அன்று. இந்தோனேசிய–பிரெஞ்சுக் கலப்பு ஏதோ நேற்று முளைத்த புதுமை என்று எண்ணுவோர், நம் ஊர் ஒட்டுக்கடைகளில் ஒரு கிண்ணம் சோத்தோ வாங்கிப் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் சாவகத்தார் மூவார், பத்து பகாட், பொந்தியான் வட்டாரங்களில் பெருந்தொகையாகக் குடியேறினர். அவர்களோடு சோத்தோ வந்தது. அக்கிண்ணத்தில் மிதக்கும் உருளைக்கிழங்கு வடையைப் பெர்கெடில் என்கிறோம். அதன் மூதாதை டச்சுக்காரரின் 'பிரிக்காடெல்' என்னும் இறைச்சி உருண்டை. பிரெஞ்சு மொழியிலும் அச்சொல்லுக்கு உறவுச்சொல் உண்டு. சாவக வாயில் உதட்டுப்பல் ஒலி பகரமாயிற்று. இறைச்சி பெரும்பாலும் உருளைக்கிழங்காயிற்று. ஆங்கிலேயரின் பானப்பெயர் நம் வாயில் 'காப்பி' ஆனதும் இதே ஒலிவிதியால்தான் என்பதை மாணவர்க்கு ஒருமுறை கரும்பலகையில் எழுதிக் காட்டினால் போதும். தற்பவம் அவர்களுக்கு என்றும் மறவாது.

பெர்கெடில் தனித்து வரவில்லை. இந்தோனேசியத் தெருக்களில் விற்கும் ரிசோலெசும் குரோக்கெட்டும் பிரெஞ்சுப் பெயர்கள். டச்சுக்காரர் வழியாக வந்தவை. ரிசோலெசினுள் பொதியும் கலவையை இன்றும் 'ராகு' என்றே வழங்குகின்றனர். அது பிரெஞ்சு 'ரகூ' என்பதன் மரூஉ. சோலோ நகரில் 'செலாட்' என்றொரு பண்டம் உண்டு. இனிப்புச் சோயாவும் சாதிக்காயும் சேர்ந்த நீர்த்த குழம்பில் மாட்டிறைச்சி, அவித்த காய்கறி, முட்டை, கடுகுச் சாறு. ஐரோப்பியரின் பச்சைக்காய்க் கலவையின் பெயரே இவ்வாறு திரிந்தது என்பர். இவற்றை ஆக்கியவர்கள் தம் கடை வாசலில் 'கலப்புணவு' என்று பலகை மாட்டவில்லை.

இப்பின்னணியோடுதான், சென்ற ஆண்டு பாலம் கடந்து சிங்கப்பூர் சென்றிருந்தபோது கண்ட ஓர் இரவுணவைப் பற்றிக் கூற விரும்புகிறேன். ஆசிரியர் பயிற்சியில் என்னிடம் பயின்று, பின்னர் வேறு துறைக்குச் சென்று வளமுற்ற மாணவர் ஒருவர், "ஐயா, ஒருநாள் என் விருந்தாளியாக வரவேண்டும்" என்று வற்புறுத்தி ஓர் இந்தோனேசிய–பிரெஞ்சு உணவகத்துக்கு அழைத்துச் சென்றார். பெயர் வேண்டா. உணவுப் பட்டியலில் விலையும் அச்சிடப்பட்டிருந்தது; அதனை ஈண்டு எழுதக் கூசுகிறேன்.

முதலில் வந்தது காடோ காடோ. அவித்த காய்கறிகளை அச்சில் அழுத்தி, செங்கல் போல் வெட்டி வைத்திருந்தனர். நிலக்கடலைக் குழம்பு தட்டின் ஓரத்தில் ஏழெட்டுப் புள்ளிகளாக நின்றது. காய் ஒரு மொழி, குழம்பு ஒரு மொழி. இடையே புணர்ச்சி இல்லை. மணிப்பிரவாளம் என்று சொல்லத் தோன்றியது. ஆனால் மணிப்பிரவாளத்தை அவ்வாறு இழித்துரைத்தலும் முறையன்று. வைணவ உரையாசிரியர்கள் அந்நடையில் எழுதிய ஈட்டுரையைப் பயின்றோர், முத்தும் பவளமும் ஒரே நூலில் கோக்கப்படுவதன் அழகை உணர்வர். அங்கே நூல் உண்டு. இத்தட்டில் மணிகள் மட்டுமே சிதறிக் கிடந்தன.

அடுத்துத் தெளிந்த சோத்தோ. முட்டையின் வெண்கருவால் கசடு வாங்கிச் சாற்றைப் பளிங்குபோல் தெளிவிப்பது பிரெஞ்சுச் சமையலாரின் தேர்ந்த வித்தை. மஞ்சளும் செராயும் மணக்க, அடியில் கிடந்த ஒற்றைச் சிவலை மிளகாய் தெரியும் அளவுக்கு அச்சாறு தெளிந்திருந்தது. உண்மையில் நன்றாக இருந்தது. ஆனால் பெர்கெடிலைக் காணவில்லை! நூறாண்டுக்கு மேலாக அந்தக் கிண்ணத்தில் வீற்றிருக்கும் ஐரோப்பியனை வெளியே அனுப்பிவிட்டு, புதிய ஐரோப்பியன் ஒருவனை அழைத்து வந்திருந்தனர்.

மூன்றாவதாக ரெண்டாங். இங்குச் சற்று நின்று பேச வேண்டும். ரெண்டாங் மேற்குச் சுமத்திராவின் மினாங்கபாவ் மக்களுக்கு உரியது. இறைச்சியைத் தேங்காய்ப்பாலிலும் அரைத்த மசாலையிலும் இட்டுப் பல மணி நேரம் கிளறுவர். நீர் மிகுந்த நிலையில் அது குலாய். சுண்டிக் கெட்டியான நிலையில் காலியோ. நீர் முற்றும் வற்றி, தேங்காயெண்ணெய் பிரிந்து, அவ்வெண்ணெயில் இறைச்சி தானே வறுபட்டுக் கருமை கொள்ளும்போதுதான் ரெண்டாங். பிரெஞ்சு முறையோ இதற்கு நேர்மாறானது. அங்கு இறைச்சியை முதலில் வறுத்து நிறமேற்றி, பின்னரே நீர்மம் சேர்த்து வேகவிடுவர். முன்னது வேகவைத்து வறுப்பது. பின்னது வறுத்து வேகவைப்பது. இருவேறு வாக்கிய அமைப்புகள். இவ்விரண்டையும் அறிந்த ஒருவர் அவற்றை எதிரெதிர் நிறுத்தி ஏதேனும் அரியது ஆக்கலாம். அன்று வந்ததோ, உள்ளே குருதிச் சிவப்பு மாறாமல் வாட்டிய இறைச்சித் துண்டு ஒன்றும், அதன் அருகே ஒரு கரண்டி காலியோவும். எழுவாயைப் பறித்து ஒரு தட்டிலும் பயனிலையைப் பறித்து மறு தட்டிலும் வைத்தது போன்றது அது. ரெண்டாங் என்பது ஒரு குழம்பின் பெயரன்று. ஒரு செயலின் பெயர். அச்செயல் நிகழாத இடத்தில் அப்பெயர் இருப்பதற்கில்லை. இது தற்பவமும் அன்று, தற்சமமும் அன்று; வெறும் எழுத்துப்பிழை.

பின்னர் வந்த வாத்துக்கால், முன்னவற்றின் குறையை ஓரளவு போக்கிற்று. பிரான்சின் தென்மேற்கே உப்பிட்ட வாத்தைத் தன் கொழுப்பிலேயே மெல்லிய தீயில் நெடுநேரம் வேகவைத்து, அக்கொழுப்பு மூடியிருக்கப் பானையில் இட்டு வைப்பர். குளிர்பெட்டி இல்லாத காலத்தில் இறைச்சி கெடாமல் காக்கக் கண்ட வழி அது. பாலித்தீவினர் வாத்துக்கு மசாலை பூசி, இலையில் பொதிந்து, உமித்தணலில் நெடுநேரம் புதைத்து வேகவைப்பர். அதன் பெயர் பெத்துத்து. இவ்விரு முறைக்கும் பொது எழுத்துகள் பல: வாத்து, உப்பு, கொழுப்பு, பொறுமை. ஆகவே பாலி மசாலை பூசிய பிரெஞ்சு வாத்து எவ்வித முரணும் இன்றி நாவில் அமைந்தது. கமலம் கமலமாகவே வந்தது போல. எண்ணிப் பார்ப்பின் ரெண்டாங்கும் இக்குடும்பத்ததே. ஊர்விட்டு ஊர் செல்லும் வழக்கமுடைய மினாங்கபாவ் ஆடவர் வழிச்செலவுக்கு எடுத்துச் செல்லும் அளவுக்கு நாட்பட நிற்பது அது. அச்சமையலார் ரெண்டாங்கை வாத்தோடு உறவாட விட்டிருந்தால் அவ்விரவு முழுதும் வேறாக இருந்திருக்கும்.

இடையில் ஒன்று நிகழ்ந்தது. சம்பால் சிறிது கூடுதலாகக் கிடைக்குமா என்று பரிமாறிய இளைஞரிடம் கேட்டேன். சமையற்கலைஞர் எண்ணியவாறே உண்டால் சுவை முழுமையாக விளங்கும் என்று அவர் மிக்க பணிவோடு விடையிறுத்தார். என் மாணவருக்கு நாணம். எனக்கோ ஒரு திறனாய்வுச் செய்தி கிடைத்தது. பிரெஞ்சு முறையில் உணவை முடிப்பவர் சமைப்பவர். நம் வாழையிலையிலும், பாடாங் கடையில் மேசை நிறைய அடுக்கும் சிறுதட்டுகளிலும், ஜொகூர் லக்சாவிலும் உணவை முடிப்பவர் உண்பவர். எலுமிச்சையை எவ்வளவு பிழிவது, சம்பாலை எங்கே தொடுவது, கெசும் இலையை விலக்குவதா கலப்பதா என்னும் முடிவுகள் அவர் கையில் உள்ளன. பெரும்பாலான கலப்புணவகங்கள் இடறும் இடம் இதுவே. பொருள்களைக் கீழ்த்திசையிலிருந்து எடுத்துக்கொள்கின்றனர். அதிகாரத்தை மேற்றிசையில் வைத்துக்கொள்கின்றனர்.

ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறும் முறை பிரெஞ்சுக்காரருக்குப் பிறப்போடு வந்ததும் அன்று என்பதை ஈண்டுச் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை அவர்களும் பல பண்டங்களை ஒருங்கே மேசையில் பரப்பி வைத்து, விரும்பியதை எடுத்து உண்டனர். வரிசையாகப் பரிமாறுவதை அவர்கள் 'உருசிய முறை' என்றே அழைத்தனர். ஆகவே இலையில் பதினாறு வகையும் ஒருங்கே விளங்க உண்பது நாகரிகக் குறைவு என்று கருதும் நம் இளைஞர், பாரீசு அரண்மனைகளின் பழைய விருந்து ஓவியங்களை ஒருமுறை பார்ப்பது நலம்.

பிரெஞ்சு நாட்டோடு தமிழர் கொண்ட உறவைப் பற்றிப் பேசாமல் இத்திறனாய்வை முடித்தல் இயலாது. 1674 முதல் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் நிலைகொண்டனர். 1954-இல் ஆட்சி கைமாறி, 1962-இல் சட்டப்படி இந்தியாவோடு இணைப்பு நிறைவுற்றது. இந்நெடுங்காலத்தில் அவர்கள் நம்மிடமிருந்து எடுத்துச் சென்ற பொருள்களுள் ஒன்று, வீட்டுத் தாய்மார் கூரைமேல் காயவைத்த தாளிப்பு வடகம். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், மஞ்சள், கறிவேப்பிலை ஆகியவற்றை இடித்து, ஆமணக்கெண்ணெய் தடவி உருண்டை பிடித்துப் பல நாள் வெயிலில் உலர்த்துவது. பேச்சு வழக்கில் வடவம். பிரெஞ்சு அடுக்களையில் அது 'வடூவான்' ஆயிற்று. அங்கே வெயிலுக்குப் பதில் அடுப்புச் சூடு. நல்லெண்ணெய்த் தாளிப்புக்குப் பதில் வெண்ணெய். இன்று ஐரோப்பிய, அமெரிக்கச் சமையலார் பலர் அதனைப் பிரெஞ்சு மசாலை என்றே கொண்டாடுகின்றனர்.

இதனைக் களவு என்று சினப்போர் உளர். யான் அவ்வாறு கருதவில்லை. நாம் காப்பிக்குச் செய்ததை அவர்கள் வடவத்துக்குச் செய்தனர். தம் நாவுக்கு ஒவ்வாத எழுத்தைக் களைந்து, தம் இலக்கணத்துக்கு இசைய ஏற்றனர். அஃது அவர்கள் மொழியில் ஒரு நல்ல தற்பவம். என் மனக்குறை வேறிடத்தில் உள்ளது. ஜொகூர் பாருவில் அடுக்ககங்களில் வாழும் நம் பிள்ளைகள் வடகம் உருட்டும் கையைக் கண்டதில்லை. ஈரக்காற்றும் மழையும் மிகுந்த இந்நாட்டில் அக்கை முன்னமே அருகியிருந்தது. நாளை அவர்கள் வடூவான் என்னும் பெயரைத் தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சியில் கேட்டு, அதனைப் பிரெஞ்சுச் சொல்லாகவே கற்பர். மூலம் மறைந்த பின் தற்பவத்தைத் தற்பவம் என்று காட்டுவதற்கு வழியில்லை.

மற்றொன்று, பெயர் பெறுதல் பற்றியது. ஜொகூர் லக்சாவுக்கு ஒரு சுல்தானின் பெயர் துணை நிற்கிறது. வடூவானுக்குப் பாரீசின் பெருஞ்சமையலார் துணை நிற்கின்றனர். தோட்டப்புறத்து லயத்து வீட்டில், கறிவேப்பிலையையும் பெலாச்சானையும் ஒரே சட்டியில் சந்திக்க வைத்த நம் பாட்டிமாருக்கு எவர் பெயர் துணை நிற்கிறது? தோசைக்கு நெத்திலிச் சம்பாலைத் தொட்டுக்கொள்வது இங்கு எத்துணை இயல்பாயிற்று! சீனர் செய்த மஞ்சள் மீயைத் தமிழ் முசுலிம் வணிகர் தம் வாணலியில் பிரட்டி மீ கோரெங் ஆக்கியதும் இந்நாட்டிலேதான். இவை எந்தப் பட்டியலிலும் 'கலப்புணவு' என்று அச்சேறுவதில்லை. வறுமையில் நிகழும் கலப்புக்குப் 'பழக்கம்' என்று பெயர். வளமையில் நிகழும் கலப்புக்குக் 'கலை' என்று பெயர். திறனாய்வாளர் இந்த வேறுபாட்டை ஏற்பதற்கில்லை.

இவ்விடத்தில் நம் வகுப்பறைக்கு வருகிறேன். அண்மையில் பயிற்சி ஆசிரியை ஒருவர், 'எனக்குப் பிடித்த உணவு' என்னும் தலைப்பில் ஐந்தாம் ஆண்டு மாணவி எழுதிய கட்டுரையைத் திருத்தி என் பார்வைக்குக் கொணர்ந்தார். அண்டை வீட்டு மலாய்க் குடும்பத்தார் இராயா நாளில் கொடுத்த ஜொகூர் லக்சாவைப் பற்றி அச்சிறுமி எழுதியிருந்தாள். மீனை அரைப்பதையும், நூலைச் சுருட்டி வைப்பதையும், கையால் பிசைந்து உண்டபோது விரலிடுக்கில் நூல் நழுவியதையும் கண்முன் நிறுத்தியிருந்தாள். ஆயின் தாள் முழுதும் சிவப்புச் சுழிகள். 'லக்சா' என்பதன்மேல் ஒரு சுழி; அருகே 'நூலப்பக் குழம்பு' என்று திருத்தம். 'சம்பால்' மேல் ஒரு சுழி, அருகே 'துவையல்'. எல்லாவற்றிலும் பெரிய சுழி 'இசுபகெத்தி' என்பதன்மேல் இருந்தது. எழுத்துப்பிழை என்று குறித்திருந்தார் ஆசிரியை.

அவருடைய தமிழ்ப்பற்றில் எனக்கு ஐயமில்லை. எனினும் அச்சுழிகளை ஏற்க இயலவில்லை. துவையல் வேறு, சம்பால் வேறு. ஒன்றின் பெயரை மற்றொன்றுக்கு இட்டால் பிள்ளை உண்ட உணவே மாறிவிடும். இலங்கைத் தமிழர் 'சம்பல்' என்பதைத் தம் சொல்லாகவே கொண்டு வழங்குகின்றனர். நமக்கு மட்டும் அது தீண்டத்தகாததா? லக்சாவுக்கு நிகரான உணவு தமிழகத்தில் இல்லாதபோது நிகரான சொல்லை எங்கிருந்து கொணர்வது? ஆசிரியையிடம் இவ்வளவும் கூறியபின், அந்தப் பெரிய சுழியைச் சுட்டிக்காட்டி, "அம்மா, சகர மெய் சொல்லுக்கு முதலில் வருமா?" என்று கேட்டேன். வாராது என்றார். "அதனால் அவள் முன்னே இகரம் சேர்த்திருக்கிறாள். கிரந்த எழுத்தையும் விலக்கியிருக்கிறாள். டகரத்தைத் தகரமாக்கியது இத்தாலியர் ஒலிக்கே நெருங்கியது. இவளுக்கு எச்சவியல் எவர் கற்பித்தார்?" என்றேன். அவர் சிரித்துவிட்டு, அழிப்பானை எடுத்தார்.

அக்கட்டுரையில் மெய்யான பிழைகள் இரண்டு இருந்தன. 'மீன்' என்பதை ஓரிடத்தில் மூன்றுசுழி ணகரமிட்டு எழுதியிருந்தாள். 'தேங்காய்ப்பால்' என்பதில் பகர ஒற்றை விட்டிருந்தாள். ஆசிரியை கவனிக்காத அவ்விரண்டையும் சிவப்பு மையால் குறித்துத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.